கன்று நல்லது, சாடிதான் எமன்

ஓகஸ்ட்டில், கச்சான் காற்று முகத்தில் அடிக்கிற ஒரு மத்தியானம், மட்டக்களப்பு டவுனில் உள்ள கன்றுக்கடை ஒன்றில் நான்கு சக்குலன்ட், அதாவது இலையில் தண்ணீர் சேர்த்து வைக்கிற சதைப்பற்றான கன்றுகள், வாங்கினேன். கடையின் பெயர் வேண்டாம், ஏனென்றால் கன்றுகளில் ஒரு குறையும் சொல்ல முடியாது: இலை நல்ல இறுக்கம், மாவுப்பூச்சி இல்லை, விலையும் பரவாயில்லை. நுவரெலியாப் பக்கமிருந்து வருகிறதாம். பிரச்சினை முழுக்க அதை வைத்துத் தருகிற சாடியிலும் மண்ணிலும்தான்.

வெள்ளைப் பீங்கான் சாடி. பார்க்க அழகு, அடியில் ஓட்டை கிடையாது. மேலே நிறக் கற்களைப் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள், அதனால் விரலை விட்டு ஈரம் பார்க்கவும் வழியில்லை. ஒருநாள் கரண்டிக் காம்பால் கற்களைக் கிளப்பினேன். உள்ளே வெறும் தும்புத்தூள், ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் தண்ணீர் சொட்டுகிறது. நான் கடைசியாகத் தண்ணீர் ஊற்றிப் பதினைந்து நாள் ஆகியிருந்தது!

கோடையில் எப்படியோ தாக்குப்பிடித்தது. நவம்பரில் மாரி பிடித்ததும் நான்கில் ஒன்றான, இலைகளை ரோஜாப்பூப் போல் அடுக்கிக்கொண்டிருக்கும் எச்செவேரியா போய்விட்டது. முதலில் அடி இலைகள் ஜெலி அடைத்ததுபோல் ஊதிக் கண்ணாடியாகின, தொட்டவுடன் கழன்று கையோடு வந்தன, தண்டு கறுப்பு. இலை சுருங்கினால் தாகம், ஊதிக் கண்ணாடியானால் அழுகல். இந்த வித்தியாசம் தெரியாமல், வாடுகிறதாக்கும் என்று இன்னும் ஊற்றிய ஆள் நான், அதனால் பழியில் பாதி எனக்கு.

எச்செவேரியா மெக்சிக்கோ மலைநாட்டுச் செடி, அதற்கு இரவு குளிர வேண்டும். இந்த வகைகள் பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு இரவில்தான் திறக்கும், எங்கள் இரவோ ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல் என்று உடம்பே பிசுபிசுக்கிற இரவு, அந்தக் காற்றில் தண்ணீர் ஆவியாகவும் மாட்டாது, மண்ணும் காயாது. ஆகவே இங்கே எச்செவேரியா வாங்காதீர்கள், கடையில் எவ்வளவு ரோஜாப்பூ மாதிரி இருந்தாலும் சரி. வரிக்குதிரைக் கோடு போட்ட ஹவோர்தியாவும், ஸ்னேக் பிளான்ட் என்கிற மருளும் அதே கடையில் வாங்கியவைதான், மாரி முழுக்க அசையவில்லை. மருளில் ஓர் இனம் இலங்கைக்கே சொந்தம், அதற்கு நம் காற்று புதிதா என்ன?

மிஞ்சியவற்றை ஓட்டையுள்ள மண்சாடிக்கு மாற்றினேன். பருமனான ஆற்றுமணல் இரண்டு பங்கு, உமிக்கரி ஒரு பங்கு, தும்புத்தூள் ஒரு பங்கு. நெல் விளைகிற ஊரில் உமிக்குப் பஞ்சமில்லை. கடல் மணல் கிட்ட இருக்கிறதே என்று அள்ளி வராதீர்கள், உப்பு. மாரியில் கூரைக்கு உள்ளே, வெளிச்சம் வரும் பக்கமாக வைத்துவிட்டுத் தண்ணீரை மறந்துவிடுங்கள்.

சிவப்புத் தலைக் கள்ளியும் அந்தக் கடையில் இருக்கிறது, பிள்ளைகள் அதைத்தான் கேட்கும். அந்தத் தலையில் பச்சையமே இல்லை, கீழே ஒட்டுக்கட்டிய பச்சைக் கள்ளியின் சாப்பாட்டில்தான் உயிர் வாழ்கிறது. நிறைய நாளைக்கு நம்ப வேண்டாம்.

போன கிழமை இன்னொரு ஹவோர்தியா வாங்கப் போனேன்.

“சாடி வேணாம் அக்கா, கன்ற மட்டும் தாங்க.”

“சாடியோட சேத்துத்தான் விலை, தங்கச்சி.”

இப்போது குசினியில் ஓட்டையில்லாத வெள்ளைச் சாடிகள் ஐந்து. ஒன்றில் கரண்டி, ஒன்றில் உள்ளி, மற்ற மூன்றும் சும்மா இருக்கின்றன.