வீட்டுக்குள் டவர் கிடைக்கவில்லையா: வைஃபை காலிங், இரண்டாவது சிம், பூஸ்டர் – எது கைகொடுக்கும்?

ஜன்னலோரம் நின்றால் தெளிவாகக் கேட்கிறது, நாலு அடி உள்ளே வந்தால் "ஹலோ, கேக்குதா?" என்று கத்த வேண்டியிருக்கிறது. ஏரோபிளேன் மோடைப் போட்டு எடுப்பது, போனை அணைத்துப் போடுவது எல்லாம் போனை நெட்வொர்க்கில் புதிதாகப் பதிவு செய்ய வைக்கும், அவ்வளவுதான். என்றைக்கோ ஒரு நாள் சிக்கிக்கொண்டால் அது போதும். தினமும் அதே அறையில் கால் கட் ஆகிறதென்றால் வேறு வழிதான் பார்க்க வேண்டும்.

அதற்கு முன் ஒரு சோதனை. அதே நெட்வொர்க் உள்ள இன்னொரு போனை அதே இடத்தில் வைத்துப் பாருங்கள். அதில் நன்றாக எடுத்தால் கோளாறு உங்கள் போனிலோ, சிம்மிலோ, உலோகத் தகடு வைத்த கவரிலோ இருக்கிறது. கீழே சொல்லும் எதற்கும் செலவு செய்ய வேண்டாம்.

திரையில் தெரியும் கோடுகளையும் நம்பிவிடாதீர்கள். எத்தனை கோடு காட்டுவது என்பதைப் போன் நிறுவனம்தான் முடிவு செய்கிறது. 2010-ல் ஐபோன் 4 சர்ச்சையின்போது, கோடுகளைக் கணக்கிடும் முறையே தவறாக இருந்ததென்று ஆப்பிளே ஒப்புக்கொண்டது. பல ஆண்ட்ராய்டு போன்களில் செட்டிங்ஸில் அபௌட் போன், அதற்குள் சிம் ஸ்டேட்டஸ் போனால் டிபிஎம் (சிக்னல் பலத்தின் அளவு) கணக்கில் ஒரு எண் இருக்கும். 4ஜியில் மைனஸ் 90-க்கு மேல், அதாவது மைனஸ் 80, 70 என்று பூஜ்யத்தை நெருங்கினால், நல்ல சிக்னல். மைனஸ் 110-க்குக் கீழே இறங்கினால் பேச்சு உடையும். மைனஸ் 120 பக்கம் டவர் இருந்தும் இல்லாத மாதிரிதான். பத்து எண் இறங்கினால் சிக்னலின் பலம் பத்தில் ஒரு பங்காகிவிடும். ஜன்னலில் ஒரு தரம், அறைக்குள் ஒரு தரம் பார்த்தால், சுவர் எவ்வளவு விழுங்குகிறது என்று புரிந்துவிடும்.

வீட்டில் பிராட்பேண்ட் இருந்தால் என் ஓட்டு வைஃபை காலிங்குக்குத்தான், அதாவது டவருக்குப் பதிலாக வீட்டு வைஃபை வழியாகக் கால் போகும் வசதி. போனும் நெட்வொர்க் நிறுவனமும் ஆதரித்தால் போதும், செட்டிங்ஸில் ஒரு பட்டனோடு வேலை முடிந்தது. அதே எண்ணில் சாதாரணமாகவே பேசலாம், தனி ஆப் எதுவும் தேவையில்லை. சுவர் எவ்வளவு தடிமனாக இருந்தாலும் கவலையில்லை. ஆனால் பேசிக்கொண்டே வாசலைத் தாண்டும்போது கால் வைஃபையிலிருந்து 4ஜிக்குத் தாவ வேண்டும். வோல்ட்டி (4ஜி வழியாகவே பேசும் வசதி) அணைந்திருந்தால் அந்த இடத்தில் கட் ஆகிவிடும், அதனால் அதையும் போட்டு வையுங்கள். சில அலுவலகங்களில் வைஃபை நன்றாக இருந்தும் வைஃபை காலிங் மட்டும் வராது. அதற்குத் தேவையான இணைய வாசல்களை (யுடிபி 500, 4500 போர்ட்கள்) அலுவலக நெட்வொர்க்கின் பாதுகாப்பு அரணான ஃபயர்வால் அடைத்திருக்கலாம். மின்சாரம் போனால் ரவுட்டரோடு இதுவும் போய்விடும், அது தனிக் கதை.

இரண்டாவது சிம்மின் பலம் வேறு. ஒரே அறையில் ஒரு நெட்வொர்க் செத்துக் கிடக்க இன்னொன்று ஜம்மென்று எடுப்பதற்கு, டவர் இருக்கும் தூரம் ஒரு காரணம், அலைவரிசை இன்னொரு காரணம். 700 முதல் 900 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைகள் சுவரைத் தாண்டி ஓரளவு உள்ளே வரும். 2300-க்கு மேலே போகப் போக அந்தத் திறன் குறையும். 5ஜியில் பரவலாக ஓடும் 3500 பக்கம் இன்னும் மோசம். (5ஜிக்கும் 4ஜிக்கும் இடையே போன் அல்லாடுகிறதென்றால் 4ஜியிலேயே நிறுத்திப் பாருங்கள், காசில்லா வைத்தியம்.) வீட்டைவிட வழியிலும் வேலையிடத்திலும்தான் அதிகம் கட் ஆகிறதென்றால் வைஃபை காலிங் உதவாது, இரண்டாவது சிம்தான் சரி. சில போன்களில் ஒரு சிம்முக்கு டவர் இல்லாதபோது மற்ற சிம்மின் டேட்டா வழியாகவே அதன் கால் வந்துவிடும். இரண்டாவது சிம் வாங்கும் முன், அந்த நெட்வொர்க் வைத்திருப்பவரின் போனை உங்கள் அறையில் மாலை நேரத்தில் சோதித்துப் பாருங்கள். டிபிஎம் எண் நன்றாக இருந்தும் மாலையில் மட்டும் கட் ஆனால், அது ஒரே டவரைப் பலர் பயன்படுத்துவதால் வரும் நெரிசல்.

நெரிசலுக்குப் பூஸ்டர் எதுவுமே செய்யாது. அது வெளியில் இருக்கும் சிக்னலைப் பெருக்கித்தான் உள்ளே தரும், இல்லாததை உண்டாக்காது. வெளி ஆன்டெனாவும் உள் ஆன்டெனாவும் போதிய இடைவெளி இல்லாமல் இருந்தால், மைக்கை ஸ்பீக்கர் முன் நீட்டினால் கிறீச்சிடுமே, அதே கதைதான். அந்த இரைச்சல் டவர் வரை போய் அக்கம்பக்கத்தாரின் கால்களையும் கெடுக்கும். அதனால்தான் பல நாடுகளில் அனுமதியில்லாமல் வைப்பது சட்டவிரோதம். போனுக்குப் பின்னால் ஒட்டும் ஸ்டிக்கரையும் சிக்னலைக் கூட்டும் என்கிற ஆப்களையும் பற்றிப் பேசவே வேண்டாம்.

பிராட்பேண்டும் இல்லை, எந்த நெட்வொர்க்கும் உள்ளே எடுக்கவில்லை, ஆனால் மொட்டை மாடியில் நன்றாக எடுக்கிறது என்றால் மட்டும் பூஸ்டர் பக்கம் போகலாம். அப்போதும் கடையில் கிடைப்பதை வாங்கி மாட்டாமல், உங்கள் நெட்வொர்க் நிறுவனத்திடம் எழுதிக் கேட்டு, அவர்கள் அனுமதிக்கும் கருவியையே வாங்குங்கள்.