மழைக்காலத்துக்கு முன் வீட்டுக் குழாய்: வால்வா, ரப்பர் மூடியா, மணல் மூட்டையா?

வெள்ளம் என்றதும் எல்லோரும் வாசலைத்தான் பார்க்கிறோம். பலகையும் மணல் மூட்டையும் வாசலுக்குத்தான் போகின்றன. மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் லாபிஸ், சிகாமட் பக்கம் தாழ்வாக இருக்கும் தாமான் (குடியிருப்புப் பேட்டை) வீடுகளில் தண்ணீர் முதலில் எட்டிப் பார்ப்பது குளியலறைத் தரையில் இருக்கும் ஃபுளோர் டிராப்பில், அதாவது தரை வடிகால் வாயில். வாசல்படி இன்னும் காய்ந்து கிடக்கும். உள்ளே அந்தச் சல்லடை மூடிக்கு அடியில் களக் களக் என்று காற்று கிளம்பும். அப்புறம் கருப்புத் தண்ணீர், கூடவே லோங்காங் (வீட்டோரச் சாக்கடை) நாற்றம். வெளியே லோங்காங் நிறைந்து, அதன் மட்டம் வீட்டுத் தரையைத் தாண்டிவிட்டால் குழாய் வழியாகத் தண்ணீர் திரும்பி வரத்தான் செய்யும். கதவை எவ்வளவு இறுக்கி அடைத்தாலும் அதற்குக் கவலையில்லை.

அதனால் என் வாதம் இதுதான்: இருக்கிற காசில் முதல் பங்கு திரும்பி வரும் தண்ணீரைத் தடுக்கப் போகட்டும், இரண்டாம் பங்கு நல்ல தண்ணீரை உயரத்தில் வைக்கப் போகட்டும். பம்பு, ஃபில்டர் எல்லாம் அதற்குப் பிறகு.

இணையத்தில் கிடைக்கும் பட்டியல்களில் பெரும்பாலானவை அமெரிக்காவின் சூறாவளிப் பருவத்துக்கு எழுதியவை. அங்கே ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை என்று நாள் குறித்து வைத்திருக்கிறார்கள். நிலவறையில் தேங்கும் நீரை இறைக்கும் பம்பு பற்றித்தான் பாதிப் பேச்சு. நம் வீடுகளில் நிலவறை கிடையாது. புயல் நேராக வருவதும் அபூர்வம். 2001 டிசம்பர் 27 அன்று வாமேய் புயல் ஜொகூரின் தென்கிழக்குக் கரையில் ஏறியதை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். நமக்கு வருவது நவம்பர் முதல் மார்ச் வரையிலான வடகிழக்குப் பருவமழை. காற்று கொஞ்சம்தான், தண்ணீர் நாள்கணக்கில் நிற்கும். 2006 டிசம்பரும் 2007 ஜனவரியும், பிறகு 2011, பிறகு 2023 மார்ச் என்று ஜொகூர்க்காரர்களுக்கு ஒவ்வொன்றும் நினைவிருக்கும். அந்தக் கடைசி வெள்ளம் சீனப் புத்தாண்டும் தைப்பூசமும் முடிந்து, இனி அடங்கிவிட்டது என்று நினைத்தபோது வந்தது. ஆகவே செப்டம்பர், அக்டோபரில் செய்யும் வேலை மார்ச் வரை தாங்க வேண்டும்.

திரும்பி வரும் தண்ணீரைத் தடுப்பது

எதை வாங்குவது என்று யோசிக்கும் முன் ஒரு சோதனை செய்துவிடுங்கள். ஒரு வாளி தண்ணீரில் மஞ்சள் தூளை நன்றாகக் கரைத்து ஃபுளோர் டிராப்பில் ஊற்றுங்கள். ஒருவரை வெளியே லோங்காங் ஓரம் நிற்கச் சொல்லுங்கள். பழைய வீடுகள் பலவற்றில் மஞ்சள் தண்ணீர் நேராக லோங்காங்கில் வந்து விழும். அதாவது குளியலறை, சமையலறைத் தண்ணீருக்கு ஒரு வழி. கக்கூஸ் குழாய்க்குச் செப்டிக் டேங்கி வழியாக வேறு வழி. இரண்டு வழி இருக்கும் வீட்டில் ஒரே வால்வைப் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்க முடியாது. புதிய தாமான்களில் இரண்டும் சேர்ந்து பொதுக் கழிவுநீர்க் குழாய்க்குப் போகும். அங்கே ஒரு வால்வு போதும்.

நான்-ரிட்டர்ன் வால்வு பற்றி முதலில். குழாய்க்குள் ஒரு தட்டு தொங்கும். தண்ணீர் வெளியே போகும்போது திறக்கும், திரும்பி வந்தால் அதே தண்ணீர் தட்டைத் தள்ளி மூடிவிடும். ஆள் வேண்டாம், மின்சாரம் வேண்டாம். தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தாலும் அது தன் வேலையைச் செய்யும். இந்த ஒரு குணத்துக்காகவே சொந்த வீட்டுக்காரர்களுக்கு இதைத்தான் சொல்வேன். குறை என்னவென்றால், தரையை உடைத்துப் போட வேண்டும், மேலே திறந்து பார்க்க மூடி வைக்க வேண்டும், வருடா வருடம் கழுவ வேண்டும். எங்கள் வரிசையில் ஓர் அக்கா குழாய் வேலை செய்பவரிடம், “அண்ணே, இதைப் போட்டுட்டா அப்புறம் கவலையில்லதானே?” என்று கேட்டார். அவர் பதில் சொல்லாமல் வேறொரு வீட்டில் கழற்றி எடுத்த தட்டைக் காட்டினார். தட்டின் விளிம்பில் தலைமுடி சுற்றிக் கயிறாகத் திரண்டிருந்தது, அதில் ஒரு ஈரத் துடைப்பான் சிக்கியிருந்தது. விரல் நுழையும் இடைவெளி. “இவ்வளவு போதும்க்கா, வீடு நிறையறதுக்கு” என்றார்.

இன்னொரு விஷயத்தையும் விற்பவர்கள் சொல்வதில்லை. தட்டு மூடியிருக்கும் நேரத்தில் நம் வீட்டுத் தண்ணீரும் வெளியே போகாது. அப்போது குளித்தால், ஃபிளஷ் செய்தால், அந்தத் தண்ணீர் நம் தரையில்தான் ஏறும். வீட்டில் எல்லோருக்கும், முக்கியமாகப் பிள்ளைகளுக்கு, இதைச் சொல்லி வைக்க வேண்டும்.

கையால் திருகி மூடும் கேட் வால்வு இதைவிட இறுக்கமாக மூடும், முடியோ துணியோ அதை ஏமாற்றுவது கடினம். ஆனால் இரவு மூன்று மணிக்கு யார் எழுந்து போய்த் திருகுவது? வயதானவர்கள் மட்டும் இருக்கும் வீட்டுக்கும், கணவன் மனைவி இருவரும் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வரும் வீட்டுக்கும் இது சரிப்படாது.

எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. குளியலறைக் குழாய் லோங்காங்கில் வாய் திறக்கும் இடத்திலேயே தொங்கவிடும் மூடித் தட்டு. தரையை உடைக்க வேண்டாம். குனிந்து பார்த்தாலே தெரியும், குச்சியால் தள்ளிச் சோதிக்கலாம், குழாயால் பீய்ச்சிக் கழுவலாம். நாலு அங்குலக் குழாய்க்குப் பொருத்தமானதைப் பெரிய ஹார்ட்வேர் கடையில் கேட்டு வாங்கலாம். குழாய் வாய் சுவரோடு ஒட்டி இருந்தால் மட்டும் ஒரு சிறிய துண்டுக் குழாய் ஒட்டி வெளியே நீட்ட வேண்டும். தட்டு ஆட இடம் இல்லையென்றால் அது எதற்கும் உதவாது. கக்கூஸ் வழிக்கு இது பயன்படாது; அங்கே நான்-ரிட்டர்ன் வால்வுதான்.

அடுத்து, வாடகை வீட்டுக்காரர்களுக்கான வழி: திருகினால் விரியும் ரப்பர் மூடி. குழாய்க்காரர்கள் டெஸ்ட் பிளக் என்பார்கள். சல்லடையைக் கழற்றி, குழாய்க்குள் வைத்து, மேலே உள்ள மரையைத் திருகினால் ரப்பர் உப்பிக் குழாய்ச் சுவரைப் பிடித்துக்கொள்ளும். இது தாங்குமா என்று பலர் சந்தேகப்படுகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம்: இரண்டு அடி உயரத் தண்ணீர் நாலு அங்குலக் குழாய் வாயை மேல்நோக்கித் தள்ளும் விசை ஏறக்குறைய 5 கிலோ எடைக்குச் சமம். நன்றாகத் திருகிய மூடி அதைத் தாங்கும். வாங்கும் முன் குழாயின் உள் அகலத்தை அளந்துகொண்டு போங்கள். ஃபுளோர் டிராப்பில் கிண்ணம் போன்ற அமைப்பு இருந்தால் அது கழன்று வருமா என்றும் பாருங்கள். சில வீடுகளில் சிமெண்டோடு இறுகிப் போயிருக்கும்.

மணல் மூட்டை கடைசி வழி. உரப்பையில் மணலைக் கட்டி, அதைக் கெட்டியான பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, ஃபுளோர் டிராப் மேலும் கக்கூஸ் குழிக்குள்ளும் அழுத்தி வைப்பது. எடை போதும், ஆனால் ஓரங்களில் கசியும். ஒன்றுமே இல்லாததற்கு இது எவ்வளவோ மேல். ஒன்றை மறக்க வேண்டாம்: குந்தி உட்காரும் கக்கூஸ் தரை மட்டத்திலேயே இருப்பதால் நாற்காலிக் கக்கூஸைவிட முன்னதாகவே அதில் தண்ணீர் ஏறும். இரண்டும் இருக்கும் வீட்டில் முதலில் குந்தும் கக்கூஸை அடையுங்கள்.

மூடி, மூட்டை இரண்டையும் எப்போது வைப்பது? வடிகால் நீர்ப்பாசன இலாகா ஆற்று மட்டத்தை வாஸ்பாடா (விழிப்பு), அமாரான் (எச்சரிக்கை), பஹாயா (ஆபத்து) என்று படிப்படியாக இணையத்தில் போடுகிறது. அமாரான் வந்ததும் அடைத்துவிடுவது நல்லது. பஹாயா வரை காத்திருந்தால் ஈரத்தில் கை வைத்துக்கொண்டு திருக வேண்டியிருக்கும்.

எந்தத் தடுப்புக்கும் ஓர் எல்லை உண்டு. வெளியே தண்ணீர் இரண்டு அடிக்கு மேல் ஏறினால், உள்ளே வராமல் பிடித்து வைப்பதே சுவருக்கு ஆபத்து. அந்த நிலையில் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, துயர் துடைப்பு மையத்துக்குக் கிளம்பிவிட வேண்டும். கிளம்பும்போது மீட்டர் பக்கத்து வால்வையும் மூடுங்கள். அழுத்தம் குறைந்த குழாய்க்குள் விரிசல் வழியாக வெள்ளநீர் புகுந்து வீட்டுக் குழாய் முழுக்கப் பரவாமல் இருக்கும்.

நல்ல தண்ணீரை எங்கே வைப்பது

வெள்ளத்தில் வீடு தப்பினாலும் குழாய்த் தண்ணீர் நின்றுபோகும். சுத்திகரிப்பு நிலையத்துக்குள் வெள்ளம் புகுந்தாலோ மின்சாரம் போனாலோ நாள்கணக்கில் வராது. ஐந்து பேர் குடும்பத்துக்கு, ஆளுக்கு ஒரு நாளைக்கு 15 லிட்டர் என்று சிக்கனமாக வைத்தாலும் மூன்று நாளுக்கு 225 லிட்டர் வேண்டும். 100 கேலன் டேங்கி என்றால் சுமார் 455 லிட்டர், ஆறு நாள் ஓடும்.

தரையில் வைக்கும் டேங்கி மலிவு, பெரியது வாங்கலாம், கழுவ எளிது. வெள்ளப் பகுதியில் அது தோற்றுப்போகும் இடம் மூடிதான்: மூடியைத் தாண்டி வெள்ளம் ஏறினால் உள்ளே இருப்பது அத்தனையும் பாழ். பாதி காலியாக இருந்தால் டேங்கியே மிதந்து குழாயைப் பிய்த்துக்கொண்டு போகும். வேறு வழியில்லை என்றால் நிறைத்து வைத்து, பட்டை போட்டுக் கட்ட வேண்டும். மேல்நிலை டேங்கியில் இந்தப் பயம் இல்லை. மின்சாரம் இல்லாமலும் தண்ணீர் தானாக இறங்கும். ஆனால் எடையைப் பாருங்கள். 100 கேலன் என்றால் தண்ணீர் மட்டும் அரை டன்னுக்கு அருகில். கரையான் அரித்த பழைய பலகை வீட்டு உத்தரத்தில் அதை ஏற்றவே கூடாது. குளியலறைக்கு மேல் சிமெண்டுத் தளம் இருந்தால் அங்கே வைக்கலாம், இல்லையென்றால் வெளியே இரும்புத் தாங்கி. பிளாஸ்டிக்கா எவர்சில்வரா என்பது இதில் சின்னக் கேள்வி; வெளிச்சம் புகாத அடர்நிறப் பிளாஸ்டிக் போதும், இலேசானதும்கூட.

தோங் (பெரிய பீப்பாய்) வைத்துக்கொள்வதும் நல்ல ஏற்பாடுதான். ஆனால் தோட்டத்தில் மலிவாகக் கிடைக்கும் நீலத் தோங் வேண்டவே வேண்டாம். களைக்கொல்லியோ பூச்சிமருந்தோ இருந்த தோங்கை எத்தனை முறை கழுவினாலும் குடிக்கும் தண்ணீருக்கு ஆகாது. கக்கூஸில் ஊற்றும் மழைத் தண்ணீருக்குக்கூட அதை வாங்கி வைக்காதீர்கள். அவசரத்தில் பிள்ளைகள் எந்தத் தோங் எது என்று பார்ப்பதில்லை.

தண்ணீர் திரும்ப வந்ததும் முதலில் கலங்கலாக வரும். டேங்கிக்குப் போகும் வால்வை மூடிவிட்டு, வாசல் பைப்பைத் திறந்து தெளியும்வரை விடுங்கள். வெள்ளம் புகுந்த டேங்கியைத் தேய்த்துக் கழுவி, நிரப்பி, 1,000 லிட்டருக்கு 1 லிட்டர் என்ற கணக்கில் வாசனை சேர்க்காத 5 சதவீத குளோரின் பிளீச் கலந்து ஓர் இரவு வைத்துவிட்டு, வடித்து, மறுபடி நிரப்பலாம்.

குடிக்கும் தண்ணீருக்குக் கொதிக்க வைப்பதா, பிளீச் சொட்டு விடுவதா? கேஸ் இருந்தால் கொதிக்க வைப்பதுதான் மேல். நன்றாகத் தளதளவென்று ஒரு நிமிடம் போதும். கேஸ் இல்லாதபோது, தெளிந்த தண்ணீரில் லிட்டருக்கு 2 சொட்டு அதே பிளீச் விட்டு அரை மணி நேரம் வைக்கலாம். இரண்டுமே கிருமியைத்தான் கொல்லும். தோட்டத்து வெள்ளத்தில் உரமும் களைக்கொல்லியும் கலந்திருக்கும். கொதித்தாலும் அவை போகாது. கிணற்றில் வெள்ளம் புகுந்திருந்தால், அந்தத் தண்ணீரைச் சோதிக்கும்வரை குடிக்கக் கூடாது.

செப்டிக் டேங்கி

இதில் அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. மழைக்கு முன் கழிவை எடுப்பதா, வெள்ளம் வடிந்த பிறகு எடுப்பதா என்றால், முன்புதான். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை எடுப்பவர்கள் அந்த முறையை அக்டோபருக்குள் வரும்படி வைத்துக்கொள்ளலாம். எடுத்த உடனே டேங்கியில் தண்ணீர் நிரப்பச் சொல்லுங்கள். நிலத்தடி நீர் ஏறும்போது காலி டேங்கி, அதிலும் பிளாஸ்டிக், ஃபைபர் டேங்கிகள், மண்ணைப் பிளந்துகொண்டு மேலே மிதந்து வரும்; இணைப்புக் குழாய் முறிந்துவிடும். சுற்றி மண் ஊறிக் கிடக்கும்போது உறிஞ்சுவதும் இதே காரணத்தால் தவறு. தண்ணீர் வடிந்து மண் இறுகும்வரை பொறுங்கள். கழுவும்போது முழங்கால் வரை பூட்ஸும் கையுறையும் போடுங்கள். எலிக் காய்ச்சல் காலில் இருக்கும் சின்னக் கீறல் வழியாகக்கூட வரும்.

லயத்து வீட்டில், தோட்ட நிர்வாகத்தின் குடியிருப்பில் இருப்பவர்கள், “சொந்த வீடு இல்லையே, நாம் எப்படி வால்வு போடுவது?” என்று கேட்கிறார்கள். நீங்கள் போட வேண்டியதில்லை. தோட்டத் தொழிலாளர் குடியிருப்பைப் பழுதின்றி வைத்திருப்பது 1990-ஆம் ஆண்டின் 446-ஆம் சட்டப்படி முதலாளியின் பொறுப்பு. எந்த வீட்டில் எந்த ஃபுளோர் டிராப்பில் போன மழைக்குத் தண்ணீர் ஏறியது, எந்தச் செப்டிக் டேங்கி நிறைந்திருக்கிறது என்று வீட்டு எண்ணோடு எழுதி, படம் எடுத்து, வரிசை முழுவதும் கையெழுத்துப் போட்டு செப்டம்பரிலேயே ஆபீஸில் கொடுங்கள், ஒரு நகலில் முத்திரை வாங்கி வையுங்கள். அசைவில்லை என்றால் அந்த நகலோடு தொழிலாளர் இலாகாவுக்குப் போகலாம். அதற்குள் மழை வந்துவிட்டால் கையில் இருக்கட்டும் என்று ரப்பர் மூடி மட்டும் வீட்டுக்கு ஒன்று வாங்கி, குழாயில் ஒருமுறை திருகிப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.