தடுப்பூசி விலக்கு: கலிஃபோர்னியாவா, டெக்சாஸா?

அமெரிக்காவில் பள்ளி வயதுக் குழந்தையோடு மாநிலம் மாறுபவர்கள் கேட்பது இது: பள்ளிக்குக் கட்டாயமான தடுப்பூசியிலிருந்து விலக்கு எங்கே சுலபம்?

காரணம்: கலிஃபோர்னியாவில் மருத்துவக் காரணம் மட்டுமே, அங்குள்ள டிஸ்னிலேண்ட் கேளிக்கைப் பூங்காவில் தட்டம்மை பரவிய பின் 2015 சட்டம் மற்றதை நீக்கியது. டெக்சாஸில் 'மனசாட்சி' என்றாலே போதும்.

நடைமுறை: கலிஃபோர்னியாவில் மருத்துவர் மாநில இணையதளத்தில் பதிய வேண்டும், ஒரே மருத்துவர் ஆண்டில் ஐந்து விலக்கு கொடுத்தால் அரசு துருவிப் பார்க்கும். டெக்சாஸில் 2025 செப்டம்பர் முதல் படிவத்தை வீட்டிலேயே இறக்கி, நோட்டரி முன் கையெழுத்திட்டால் சரி. முன்பு தபாலுக்குக் காத்திருக்க வேண்டும்!

சுலபம் டெக்சாஸ்தான். ஆனால் தொற்றுநோய் அவசரநிலை வந்தால் விலக்கு வாங்கிய பிள்ளையை வீட்டுக்கு அனுப்பலாம். 2025-இல் டெக்சாஸின் கெயின்ஸ் கவுண்டியில் (மாவட்டம் போன்றது) தட்டம்மை பரவியதே.

ஊசியே போட முடியாத நோயுள்ள பிள்ளைக்கு, என் கணக்கில், விலக்கு எளிதில் கிடைக்காத கலிஃபோர்னியா வகுப்பறைதான் பாதுகாப்பு.