பெருங்குடல் புற்றுநோய்ப் பரிசோதனை: மதுரையில் நாங்கள் பார்த்த மூன்று வழிகள்

அண்ணனுக்கு 51 வயதில் பெருங்குடல் புற்றுநோய் இருப்பது தெரிந்தபோது, உடன்பிறந்தவர்கள் 40 வயதிலேயே, கேமரா பொருத்திய குழாயை ஆசனவாய் வழியாகச் செலுத்திப் பெருங்குடலின் உட்புறத்தைப் பார்க்கும் கொலனோஸ்கோப்பி பரிசோதனையைச் செய்துகொண்டிருக்க வேண்டும் என்று அவருடைய மருத்துவர் சொன்னார். எனக்கு அப்போது 44. அதற்கு முந்தைய ஆண்டுதான் மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில், புற்றுநோய்ப் பரிசோதனையும் சேர்ந்தது என்று சொல்லப்பட்ட முழு உடல் பரிசோதனையைச் செய்துகொண்டு, எல்லாம் சரியாக இருக்கிறது என்ற நிம்மதியோடு திருமங்கலத்துக்குத் திரும்பியிருந்தேன். அந்த அறிக்கையை எடுத்துப் பார்த்த மருத்துவர், அதில் இருந்தது சி.இ.ஏ. என்னும் ரத்தப் பரிசோதனை மட்டுமே என்றார். சிகிச்சை பெற்றவர்களுக்கு நோய் திரும்புகிறதா என்று கண்காணிக்க உதவும் அது, தொடக்க நிலைப் புற்றுநோய் இருக்கும்போதும் இயல்பான அளவையே காட்டக்கூடும். பொய்யான நிம்மதிக்குப் பணம் வாங்கியதை என்னால் இன்னும் பொறுக்க முடியவில்லை.

என் மனைவிக்கு 47 வயது. அவர் குடும்பத்தில் யாருக்கும் இந்நோய் இல்லை. அவருக்கு ஃபிட் எனப்படும் மலப் பரிசோதனை போதுமென்றார்கள். கண்ணுக்குத் தெரியாத மனித ரத்தத்தை மட்டுமே அது கண்டறிவதால், பழைய முறையைப் போல ஆட்டிறைச்சியைத் தவிர்க்க வேண்டியதில்லை. ஆண்டுதோறும் செய்ய வேண்டும். ரத்தம் இருப்பதாக வந்தால் கொலனோஸ்கோப்பியைத் தள்ளிப்போடக் கூடாது.

புற்றுநோயாக மாறக்கூடிய குடல் மொட்டுகள் எப்போதும் ரத்தம் கசிவதில்லை என்பதால் எனக்கு நேராகக் கொலனோஸ்கோப்பிதான். அதை வேறொரு மருத்துவமனையில் செய்தேன். கொய்யா, தக்காளி போன்ற விதையுள்ளவற்றைச் சில நாள் முன்பே நிறுத்தி, முந்தின நாள் இளநீரும் வடித்த கஞ்சித் தண்ணீருமாக இருந்து, பேதி மருந்தை இரவில் பாதியும் விடியற்காலையில் மீதியுமாகக் குடித்ததுதான் உண்மையான சிரமம். பரிசோதனை மயக்கத்திலேயே அரை மணி நேரத்தில் முடிந்தது. சிறு மொட்டு ஒன்றை அப்போதே அகற்றிவிட்டார்கள். 5 ஆண்டு கழித்து மீண்டும் வரச் சொல்லியிருக்கிறார்கள். அன்று வண்டி ஓட்டக் கூடாதென்பதால் அக்கா மகன் அழைத்துவந்தான்.

மருத்துவர் பொறுமையாக விளக்கினார், செவிலியர்கள் கனிவாக இருந்தார்கள். ஆனால் பேதி மருந்து குடித்துவிட்டு வந்த ஏழெட்டுப் பேர் காத்திருந்த கூடத்துக்கு ஒரே ஒரு கழிப்பறை என்பது கொடுமை. அக்காவுக்கும் அங்கேயே அடுத்த மாதம் நாள் வாங்கியிருக்கிறோம், காலையில் முதல் ஆளாக எடுத்துக்கொள்ளும்படி கேட்டு.