பினாங்குக்குக் கப்பல், மலாக்காவுக்கு பஸ்

சிங்கப்பூரிலிருந்து மூன்று நான்கு இரவுகளுக்குக் கிளம்பும் உல்லாசக் கப்பல்களின் விளம்பரங்களில் பினாங்கும் மலாக்காவும் ஒரே அளவுப் படத்தோடு அருகருகே இருக்கும். இரண்டும் மலாக்கா நீரிணையின் கரையிலுள்ள பழைய மலேசியத் துறைமுக நகரங்கள். 2008 ஜூலையில் யுனெஸ்கோ இரண்டையும் சேர்த்து ஒரே பதிவாகத்தான் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏற்றியது. இரண்டிலும் காலனிக் காலத்துக் கட்டடங்கள், சீனக் கோயில்கள், நம்மவர் எழுப்பிய கோயிலும் பள்ளிவாசலும் உண்டு. எதில் இறங்கினால் என்ன என்று நினைத்து, முதல் முறை மலாக்கா போகும் கப்பலில் டிக்கெட் எடுத்தேன். அடுத்த ஆண்டு பினாங்குக் கப்பல். மூன்றாவது முறை மறுபடியும் மலாக்கா, ஆனால் பஸ்ஸில். மூன்றையும் முடித்தவனாகச் சொல்கிறேன்: ஒரே பட்டியலில் இருந்தாலும், கப்பலில் வருகிறவனை இந்த இரண்டு ஊர்களும் ஒரே மாதிரி நடத்துவதில்லை.

முதலில் மலாக்கா. காலையில் கப்பல் நின்றுவிட்டது என்று எட்டிப் பார்த்தால், கரை ஒரு சாம்பல் நிறக் கோடாகத் தூரத்தில் தெரிந்தது. பெரிய கப்பல்கள் நெருங்க முடியாத அளவுக்கு அங்கே கரையோரக் கடல் ஆழம் குறைந்தது. அதனால் தள்ளி நங்கூரம் போட்டுவிட்டு, டெண்டர் எனப்படும் சிறு படகுகளில் பயணிகளைத் தவணை தவணையாக இறக்குகிறார்கள். அதற்கு எண் போட்ட சீட்டு. கப்பல்காரர்களின் கரைச் சுற்றுலாவுக்குப் பணம் கட்டியவர்கள் முதலில் போவார்கள். நாங்களாகச் சுற்றிக்கொள்கிறோம் என்று சாமர்த்தியம் பேசியவர்கள் அரங்கில் உட்கார்ந்து எண் கூப்பிடுவதற்குக் காத்திருக்க வேண்டும். நாங்கள் சாமர்த்தியக் கூட்டம். கரையில் கால் வைத்தபோது கப்பல் நின்று இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது.

கூட வந்த அம்மாவுக்கு முழங்கால் வலி. படகு ஒரு பக்கம் ஏற, கப்பலின் படிமேடை மறுபக்கம் இறங்க, இரண்டு மாலுமிகள் கையைப் பிடித்துத் தூக்கித்தான் படகில் விட்டார்கள். சக்கர நாற்காலியில் வந்திருந்த ஒரு பெரியவர் அந்த இடத்தைப் பார்த்துவிட்டுத் தன் அறைக்கே திரும்பிவிட்டார். வானிலை கெட்டால் நம் எல்லோருக்கும் அதே கதிதான். ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை, பெரும்பாலும் விடியலுக்கு முன்னால், சுமத்ரா பக்கமிருந்து வரிசைகட்டி வரும் காற்றுமழைக்கு இந்தப் பகுதியில் ‘சுமத்ரா’ என்றே பெயர். கடல் கொந்தளித்தால் டெண்டர் ஓடாது. மேல்தளத்தில் நின்று அந்தச் சாம்பல் கோட்டைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

காற்றை நம்பியே பிழைத்த ஊருக்கு இப்படி ஒரு நிலை. வங்கக் கடலைக் கடந்து வந்த கப்பல்களும் சீனப் பக்கமிருந்து வந்த கப்பல்களும் இங்கே சந்தித்து, சரக்கு மாற்றிக்கொண்டு, பருவக்காற்று திரும்பும்வரை மாதக்கணக்கில் தங்கிய இடம் இது. 1511இல் போர்த்துக்கீசியர் பிடித்தார்கள், 1641இல் டச்சுக்காரர்கள், 1824 உடன்படிக்கையில் ஆங்கிலேயர் கைக்கு நிரந்தரமாக வந்தது. அதற்குள் ஆற்றுமுகம் மண்மூடி, வியாபாரம் முதலில் பினாங்குக்கும் பிறகு சிங்கப்பூருக்கும் நகர்ந்துவிட்டது. போதாக்குறைக்குப் பிற்காலத்தில் கடலையே தூர்த்து நிலமாக்கினார்கள். போர்த்துக்கீசியக் கோட்டையில் இன்று மிஞ்சியிருப்பது சந்தியாகோ வாசல் ஒன்றுதான். மீதியை ஆங்கிலேயர் 1807இல் இடிக்கத் தொடங்கினார்கள். இந்த வாசல் தப்பியதற்கு, பின்னாளில் சிங்கப்பூரை நிறுவிய ராஃபிள்ஸ் தலையிட்டதே காரணம். முன்பு அது கடலைப் பார்த்து நின்றது. இன்று எதிரே வணிக வளாகம். கடலைத் தேடினால் கார் நிறுத்தும் இடம்தான் கிடைக்கும்.

இறங்கியபின் மலாக்கா கஷ்டம் கொடுப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆற்றோரம் கொஞ்சம் நடந்தால் சிவப்புச் சதுக்கம் வந்துவிடும்: 17ஆம் நூற்றாண்டு டச்சு நகர மண்டபம், 1753இல் கட்டிய கிறிஸ்து தேவாலயம். பின்னால் குன்றின்மேல் கூரை போன புனித பவுல் தேவாலயம். 1553இல் பிரான்சிஸ் சேவியரின் உடலைக் கோவாவுக்குக் கொண்டுபோகும் முன் சில மாதங்கள் இங்கேதான் புதைத்து வைத்திருந்தார்கள். எல்லாம் கைக்கெட்டும் தூரம். ஆனால் நாங்கள் அங்கே நின்றது உச்சிவெயிலில். ரிக்‌ஷாக்கள் பொம்மைகளையும் பூக்களையும் சுமந்துகொண்டு காது கிழியப் பாட்டுப் போட்டுத் திரிந்தன. அம்மா குன்றுக்கு வரவில்லை. கடைசி டெண்டரைத் தவறவிடக் கூடாதே என்று கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்தே மூன்று மணி நேரம் கழிந்தது.

பினாங்கு வேறு கதை. அங்கே கப்பல் நகரத்தின் வாசற்படியிலேயே கட்டுகிறது.

இறங்குவதற்கு முன்பே ஒரு லாபம் உண்டு. தெற்கேயிருந்து வரும் பெரிய கப்பல்கள் பினாங்குப் பாலத்தின் கீழே நுழைய முடியாது; உயரம் இடிக்கும். ஆகவே தீவின் மேற்குக் கரையோரம் ஏறி, முக்கா முனையைச் சுற்றி, வடக்கு வாய் வழியாக உள்ளே வருகின்றன. அந்த நேரத்தில் பஃபே வரிசையை மறந்துவிட்டு வலப்பக்கத் தளத்தில் நில்லுங்கள். முதலில் காடு மூடிய மலை, பிறகு வடகரையின் கடற்கரை விடுதிகள், அப்புறம் அடுக்குமாடிகள், கடைசியில் பழைய நகரத்தின் தாழ்ந்த ஓட்டுக்கூரைகள் என்று ஊர் ஒவ்வொரு திரையாக விலகும். இந்த வரவேற்பு விமானத்தில் வருகிறவனுக்கும் பஸ்ஸில் பாலம் கடக்கிறவனுக்கும் கிடைக்காது.

கப்பல் நிற்கும் ஸ்வெட்டன்ஹாம் துறை 1904இல் கட்டியது. வாசலைத் தாண்டினால் விக்டோரியா ராணியின் வைரவிழாவுக்காக ஒரு சீனச் செல்வந்தர் எழுப்பிய மணிக்கூண்டு. ஆட்சியின் ஆண்டுக்கு ஓர் அடியாக 60 அடி உயரம். இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சில் கொஞ்சம் சாய்ந்தது, இன்றும் அப்படியேதான் நிற்கிறது. அதையடுத்துக் கார்ன்வாலிஸ் கோட்டை. பினாங்கில் ஆங்கிலேயக் குடியேற்றத்தைத் தொடங்கிய பிரான்சிஸ் லைட் 1786இல் வந்து இறங்கியது இந்த முனையில்தான். காட்டை வெட்ட ஆள்களுக்கு ஆசை காட்ட, பீரங்கியில் வெள்ளிக்காசுகளை வைத்துப் புதருக்குள் சுட்டார் என்று ஒரு கதை சொல்வார்கள். கதை உண்மையோ இல்லையோ, அவர் இறங்கிய மூலையிலேயே நாமும் இறங்குகிறோம். நடுவில் பஸ்ஸும் இல்லை, டெண்டரும் இல்லை. அம்மா கைத்தடியோடு தாமாகவே நடந்து வந்தார்.

பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் லிட்டில் இந்தியா. குயீன் தெருவில் 1833இல் தொடங்கிய மகாமாரியம்மன் கோயில். அதிலிருந்து கூப்பிடு தூரத்தில் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல், 1801இல் தமிழ் முஸ்லிம்களின் தலைவர் காதர் முகைதீன் காலத்தில் தோன்றியது. பள்ளிவாசல் இருக்கும் வீதியிலேயே சீனர்களின் குவான் யின் கோயில், வடக்கே புனித ஜார்ஜ் தேவாலயம். சூலியா தெரு முனையில் நாகூர் தர்கா. நாகூர் ஆண்டவரின் பெயரில் கடல் கடந்து கட்டிய அந்தச் சின்ன தர்காவின் அருகில் நின்றபோதுதான், இந்த ஊருக்குக் கப்பலில் வருவது எவ்வளவு இயல்பான காரியம் என்று உறைத்தது. ‘ராஜுலா’ என்ற கப்பல் 1920களிலிருந்து 1970களின் தொடக்கம்வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று இந்தக் கடலில் போய்வந்துகொண்டிருந்தது. என் பெரிய தாத்தா அதில் டெக் பயணியாக, பாயும் டிரங்குப் பெட்டியுமாகப் போனவர். அவர் காலத்தில் இறங்கியவர்களுக்கு லிட்டில் இந்தியாவுக்கு முன்னால் ஜெரஜாக் தீவின் நோய்த்தடுப்பு முகாம் காத்திருந்தது. எங்களுக்கு ஒரு பாஸ்போர்ட் முத்திரையோடு முடிந்தது.

சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. கப்பலில் மூன்று வேளையும் பணம் கட்டியாகிவிட்டதே என்று மதியத்துக்குக் கப்பலுக்கே திரும்பியவர்களை என் கண்ணால் பார்த்தேன். பினாங்கில் இதைவிடப் பெரிய நஷ்டம் வேறில்லை. நாசி கண்டார் என்பதே காவடித் தண்டில் சோற்றையும் குழம்பையும் தொங்கவிட்டு, துறைமுகக் கூலிகளுக்கு விற்ற தமிழ் முஸ்லிம்களின் கைவண்ணம். துறைமுகத்துக்குப் பிறந்த சாப்பாட்டைத் துறைமுகத்தில் இறங்கியவன் சாப்பிடாவிட்டால் எப்படி? நாலைந்து குழம்பையும் ஒன்றாக ஊற்றச் சொல்லுங்கள்; தனித்தனியாகக் கேட்டால் கடைக்காரர் முகம் சுளிப்பார்.

குறையும் உண்டு. கப்பல் கொடுக்கும் ஏழெட்டு மணி நேரம் பழைய நகரத்துக்கு மட்டுமே போதும். பினாங்கு மலை ரயில், கெக் லோக் சி பௌத்தக் கோயில், தண்ணீர்மலை முருகன் கோயிலின் ஐந்நூற்றுச் சொச்சம் படிகள், இவற்றில் ஒன்றைத் தேர்ந்தாலே நகரம் பாதியாகிவிடும். கப்பல் வந்த நாளில் மலை ரயிலுக்கு நிற்கும் வரிசை நீளம். நாங்கள் மலையை விட்டுவிட்டோம். வருத்தமில்லை. ஆர்மீனியத் தெருவில் சைக்கிள் ஓட்டும் குழந்தைகளின் சுவரோவியத்துக்கு முன்னால் படம் எடுத்துக்கொள்ள நின்ற வரிசையையும் விட்டுவிட்டு, கடலுக்குள் மரக்கால்கள்மேல் நிற்கும் சியூ குலத்தாரின் துறைவீடுகளுக்குப் போய் மாலை வரை உட்கார்ந்திருந்தோம்.

பிறகு மலாக்காவுக்கு ஏன் பஸ்? சிங்கப்பூரிலிருந்து எல்லைச் சோதனையோடு சேர்த்து நான்கு மணி நேரம், வார இறுதியில் கூடுதல். கோலாலம்பூரிலிருந்து இரண்டு மணி நேரம். ஓர் இரவு தங்கினேன். வெள்ளி, சனி, ஞாயிறு இரவுகளில் மட்டும் ஜோங்கர் தெருவில் கூடும் சந்தையைப் பகலில் வந்து போகும் கப்பல்காரன் பார்க்கவே முடியாது. அதைவிடப் பெரிய ஆதாயம் மறுநாள் காலை. பொற்கொல்லர் தெரு எனப்படும் ஜாலான் துக்காங் எமாஸில் ஆள் நடமாட்டம் தொடங்குமுன் பொய்யாத விநாயகர் கோயில் திறந்திருந்தது. டச்சுக்காரர் கொடுத்த நிலத்தில் 1781இல் எழுந்தது. பக்கத்திலேயே சீனக் கோபுரம் போன்ற மினாரோடு கம்போங் கிளிங் பள்ளிவாசல், சற்றுத் தள்ளி செங் ஹூன் தெங் சீனக் கோயில். எனக்கு முன்னால் ஒரு கொடியைத் தூக்கிக்கொண்டு யாரும் நடக்கவில்லை.

அந்த விநாயகர் கோயிலைக் கட்டியவர்கள் மலாக்காச் செட்டிகள். சுல்தான் காலத்திலேயே வந்து குடியேறிய தமிழ் வணிகர்களின் வழிவந்தவர்கள். வீட்டு மொழி மலாய், சமையலில் தேங்காய்ப்பாலும் சம்பாலும், கும்பிடுவது மாரியம்மனை. காஜா பெராங் பகுதியில் அவர்களுடைய கிராமம் இருக்கிறது. போகியன்று மூதாதையருக்குப் படையலிடுவதைப் ‘பார்ச்சு’ என்கிறார்கள். அங்கே ஒரு முதியவரிடம் தமிழில் பேச்சுக் கொடுத்தேன். புரியவில்லை என்று சிரித்துவிட்டு, மலாயில் பதில் சொன்னார், நெற்றியில் திருநீறு. கப்பலின் கரைச் சுற்றுலாப் பட்டியலில் இந்தக் கிராமம் இல்லை. என் மூன்று மணி நேரத்திலும் அதற்கு இடம் இருந்திருக்காது.

நடுவில் மூன்றாவதாக ஒரு வழியையும் விற்கிறார்கள்: கப்பல் போர்ட் கிளாங்கில் நிற்கும், அங்கிருந்து பஸ்ஸில் ஏற்றி மலாக்காவைக் காட்டிக் கொண்டுவந்து விடுவார்கள். போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். கப்பலின் அவசரமும் பஸ்ஸின் அலுப்பும் சேர்ந்த இதை யாருக்கும் சொல்லமாட்டேன்.

பினாங்கில் கப்பல்காரர்களின் சுற்றுலா தேவையில்லை, நடந்தால் போதும். மலாக்காவுக்குக் கப்பலில்தான் போவேன் என்றால், எனக்குப் பிடிக்காவிட்டாலும், அவர்களுடைய சுற்றுலாவையே வாங்கிக்கொள்ளுங்கள். டெண்டரில் முன்னுரிமை கிடைக்கும், தாமதமானால் கப்பல் காத்திருக்கும். தனியாகப் போனவனுக்கு அது காத்திருக்காது.

இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் கட்டணம் கட்டுமுன் பார்க்க வேண்டியது விசா. 2023 டிசம்பரில் தொடங்கிய விலக்கினால் மலேசியாவுக்குக் குறுகிய பயணத்துக்கு விசா வேண்டாம் என்றானது. அது நீடிக்கிறதா என்பதைக் கிளம்பும்போது உறுதி செய்துகொள்ளுங்கள். சிக்கல் சிங்கப்பூரில்தான். கப்பல் ஏறினால் சிங்கப்பூரை விட்டு வெளியேறியதாகக் கணக்கு. திரும்பி வருவது புது நுழைவு. எனவே ஒருமுறை நுழையும் விசா போதாது, பலமுறை நுழையும் விசா வேண்டும். எங்களுக்கு முன்னால் வரிசையில் நின்ற ஒரு குடும்பத்தில் அப்பாவுக்கு மட்டும் அது இல்லை. மனைவியும் பிள்ளைகளும் ஏறிவிட்டார்கள். அவர் பெட்டியை உருட்டிக்கொண்டு டாக்சி நிறுத்தத்துக்குத் திரும்பினார்.