வலைப்பூவா, விற்கிற சரக்கா? இணையத்தில் எது சோறு போடும்?

எழுதிப் பிழைப்பதா, எதையாவது செய்து விற்றுப் பிழைப்பதா என்று கேட்கிறவர்களில் பாதிப் பேர் ஏற்கனவே இரண்டையும் தொடங்கிவிட்டு, இரண்டும் அரைகுறையாக நிற்கும்போதுதான் கேட்கிறார்கள். அவர்களிடம் போய் "இரண்டையும் செய்யுங்கள்" என்றால் எரிச்சல்தான் வரும். ஆபீஸ் போய் வந்து, பிள்ளைகளைத் தூங்க வைத்த பிறகு மிஞ்சுவது ராத்திரி இரண்டு மணி நேரம், அதை எதில் போடுவது என்பதுதான் நிஜமான கேள்வி. அந்த இரண்டு மணி நேரத்தை மனதில் வைத்தே இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்க்கலாம்.

முதலில் காசு. வலைப்பூவில் காசு என்றால் நம் ஆட்களுக்கு உடனே நினைவுக்கு வருவது ஆட்சென்ஸ், அதாவது நம் தளத்தில் கூகுள் விளம்பரம் காட்டி, வரும் காசில் நமக்கொரு பங்கு தருகிற திட்டம். கூகுள் அதைக் கொண்டுவந்தது 2003இல், தமிழை அதிகாரபூர்வமாகச் சேர்த்தது 2018இல். அதாவது தமிழ் வலைப்பதிவுகள் ஓகோவென்று இருந்த காலம் முழுக்க அந்தக் கதவு மூடித்தான் இருந்தது. கதவு திறந்தபோது பாதிப் பேர் ஃபேஸ்புக்குக்குப் போய்விட்டார்கள். சரி, இப்போது தொடங்குகிறவருக்கு எப்படி? கணக்கில் 10 டாலர் சேர்ந்ததும் வீட்டு முகவரிக்குத் தபாலில் ஒரு சின்னக் கடிதம் வரும், உள்ளே ஆறு இலக்க எண் இருக்கும், அதைத் தளத்தில் போட்டால்தான் மேற்கொண்டு பணம் நகரும். அப்புறம் 100 டாலர் சேரும்வரை வங்கிக்கு ஒன்றும் வராது. அந்தக் கடிதம் வந்த சந்தோஷத்துக்கும் முதல் வரவுக்கும் நடுவே பலருக்கு மாதக்கணக்கில் ஓடிவிடுகிறது, சிலர் அதற்குள் எழுதுவதையே விட்டுவிடுகிறார்கள்.

ஒரு பேச்சுக்குக் கணக்குப் போடுவோம். ஆயிரம் பார்வைக்கு 50 ரூபாய் கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டால் மாதம் 25,000 ரூபாய்க்கு 5 லட்சம் பார்வை வேண்டும். தமிழில் மாதாமாதம் 5 லட்சம் பார்வை எதற்கு வருகிறது என்று யோசித்துப் பாருங்கள்: சினிமா, ராசிபலன், வேலைவாய்ப்பு அறிவிப்பு, தங்கம் விலை. நீங்கள் எழுத ஆசைப்பட்டது இவற்றில் ஒன்று என்றால் நல்லது, இல்லையென்றால் நீங்கள் செய்யப் போவது வேறொருவருடைய வேலை. இதற்கு எதிர்ப்பக்கத்தில், 250 ரூபாய்க்கு ஒரு எக்ஸெல் டெம்ப்ளேட்டோ, தேர்வுக்கான பிடிஎஃபோ, ஒரு சின்ன வீடியோ பாடமோ வைத்திருக்கிறீர்கள். மாதம் நூறு பேர் வாங்கினால் அதே 25,000. வாங்குகிறவரிடம் இணையத்தில் காசு வாங்கித் தருகிற பேமென்ட் கேட்வே தன் பங்குக்கு ஏறக்குறைய 2 சதவீதமும் அதன்மேல் ஜிஎஸ்டியும் எடுத்துக்கொள்ளும், அவ்வளவுதான். வந்து பார்க்கிற நூறு பேரில் ஒருவர் வாங்குவார் என்று வைத்தாலும் 10,000 பேர் வந்தால் போதும்.

5 லட்சம் எங்கே, 10,000 எங்கே! இந்தக் கணக்கைப் பார்த்துத்தான் எல்லோரும் "பிராடக்ட் செய், பிராடக்ட் செய்" என்கிறார்கள். ஆனால் அந்தப் பத்தாயிரம் பேர் யார் என்று யாரும் கேட்பதில்லை. விளம்பரத்துக்கு யார் வந்தாலும் பார்வைதான், விற்பனைக்கு அப்படி இல்லை. வாங்கக் காரணம் உள்ளவர் வரவேண்டும், அதுவும் மாதாமாதம் புதிதாக நூறு பேர் வாங்கவேண்டும். உங்கள் பதிவைப் படிக்கிறவரும் உங்கள் சரக்கை வாங்கக்கூடியவரும் ஒரே ஆளா என்பதைப் பொறுத்துத்தான் இரண்டில் எதற்கு எவ்வளவு நேரம் என்பதே முடிவாகிறது. இந்த இடத்தில் இரண்டு பேரை எதிரெதிரே வைத்துப் பார்ப்பது எனக்குப் பிடிக்கும்.

ஒருவர் அமித் அகர்வால். ஆக்ராவில் உட்கார்ந்துகொண்டு 2004இல் 'டிஜிட்டல் இன்ஸ்பிரேஷன்' என்ற தொழில்நுட்ப வலைப்பூவைத் தொடங்கினார், இந்தியாவில் வலைப்பூவையே முழுநேரத் தொழிலாக்கிக் காட்டிய முதல் ஆட்களில் அவர் பெயர் எப்போதும் வரும். ஜிமெயிலில் இதை எப்படிச் செய்வது, கூகுள் ஷீட்டில் அதை எப்படிச் செய்வது என்று எழுதி எழுதியே பெரிய வாசகர் கூட்டத்தைச் சேர்த்தவர். அப்புறம் அதே வேலைகளைத் தானாகச் செய்துகொடுக்கிற ஆட்-ஆன்களை, அதாவது ஜிமெயில், ஷீட் மாதிரியானவற்றோடு சேர்த்துக்கொள்கிற சின்னக் கருவிகளை, எழுத ஆரம்பித்தார். மெயில் மெர்ஜ், கூகுள் ஃபார்ம் நிரப்பியதும் மின்னஞ்சல் அனுப்புவது, இந்த மாதிரி. ஒருவர் "ஒரே கடிதத்தை இருநூறு பேருக்குப் பெயர் மாற்றி அனுப்புவது எப்படி" என்று தேடி வருகிறார். பதிவு வழியைச் சொல்கிறது, பக்கத்திலேயே அந்த வேலையை முடித்துத் தருகிற கருவி இருக்கிறது. அங்கே ஒரு பதிவு எழுதுவதும் விற்பனைக்கு உழைப்பதும் ஒரே காரியம்தான், நேரத்தைப் பங்கு போடுகிற சண்டையே பெரிதாக வராது.

இன்னொருவர் பாட்ரிக் மெக்கென்ஸி. ஜப்பானில் சம்பள வேலையில் இருந்த அமெரிக்கர். 2006இல் பள்ளி ஆசிரியர்கள் வகுப்பில் விளையாட பிங்கோ அட்டைகளை அச்சடித்துக்கொள்ள உதவும் சின்ன மென்பொருள் ஒன்றை, 60 டாலர் பட்ஜெட்டில், ராத்திரி நேரத்தில் செய்து விற்க ஆரம்பித்தார். கூடவே அந்த வியாபாரம் எப்படி நடக்கிறது என்று, வருமானம் உட்பட, வெளிப்படையாக எழுதினார். பதிவுகள் பிரபலமாகின, ஆனால் படித்ததெல்லாம் புரோகிராமர்கள். வாங்கியது ஆரம்பப் பள்ளி டீச்சர்கள். வாசகர் ஒரு கூட்டம், வாடிக்கையாளர் வேறு கூட்டம். டீச்சர்கள் கூகுள் தேடலிலும் விளம்பரத்திலும் தனியாக வந்தார்கள். அப்படியென்றால் எழுதியது வீணா என்றால், அதுவும் இல்லை. 2010இல் வேலையை விட்ட பிறகு அவருக்குக் கன்சல்டிங் வேலைகள் வந்தது அந்தப் பதிவுகளைப் படித்த கம்பெனிகளிடமிருந்துதான். பிங்கோ மென்பொருளைப் பிற்பாடு விற்றுவிட்டார், அவர் பெயர் நின்றது எழுத்தில்.

இதை நம் பக்கம் கொண்டுவந்து பார்த்தால் சில விஷயங்கள் சட்டென்று புரிந்துவிடும். சினிமா விமர்சனம் எழுதுகிறவருக்குக் கூட்டம் உண்டு, அந்தக் கூட்டத்துக்கு விற்க அவரிடம் ஒன்றுமில்லை; அவர் விளம்பரத்தைத்தான் நம்பவேண்டும், அல்லது யூடியூபுக்குப் போகவேண்டும். டேலி, ஜிஎஸ்டி, எக்ஸெல் என்று தமிழில் விளக்குகிறவருக்குக் கூட்டம் சின்னது, ஆனால் வந்தவர்களில் கணிசமானவர்களுக்குத் திங்கட்கிழமை ஆபீஸில் செய்து காட்டவேண்டிய வேலை இருக்கிறது, அவர்கள் காசு கொடுப்பார்கள். டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிறவர்களும் அப்படியே, கையில் காசு குறைவு என்றாலும் நோட்ஸுக்கும் மாதிரித் தேர்வுக்கும் செலவு செய்வார்கள். சமையல் ரொம்ப வேடிக்கையான துறை. குறிப்பு எல்லாம் இலவசமாகக் கொட்டிக் கிடக்கிறது, சமையல் மின்னூலை யாரும் சீண்டமாட்டார்கள், ஆனால் அதே வாசகி உங்கள் சாம்பார் பொடியை வாங்குவார். அப்போது நீங்கள் எஃப்எஸ்எஸ்ஏஐ என்கிற உணவுப் பாதுகாப்பு ஆணையத்தில் பதிவு, பாக்கெட்டில் அந்த எண், காலாவதித் தேதி, கூரியர், உடைந்து போன பாட்டில் என்று வேறு உலகத்துக்குள் போகிறீர்கள். அதற்கு "ஆன்லைன் வருமானம்" என்று பெயர் வைத்தாலும் அது மளிகை வியாபாரம்தான், தப்பில்லை, தெரிந்து இறங்கவேண்டும்.

கதை, கவிதை எழுதுகிறவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல். வலைப்பூவில் தொடராக எழுதியதை மின்னூலாக்கி, நாமே புத்தகம் வெளியிட அமேசான் வைத்திருக்கிற கேடிபியில் போடலாம், தமிழுக்கு அங்கே இடம் உண்டு. இந்திய விற்பனைக்கு 70 சதவீத ராயல்டி வேண்டுமென்றால் கேடிபி செலக்டில் சேரவேண்டும், சேராவிட்டால் 35தான். சேர்ந்தால் அந்த 90 நாள் ஒப்பந்தக் காலத்தில் நூலின் மின்வடிவம் வேறு எங்கும் இருக்கக் கூடாது, உங்கள் சொந்த வலைப்பூவிலும்கூட. மாதிரிக்கு ஒரு சின்னப் பகுதி விடலாம். ஆக, கூட்டம் சேர்த்துக் கொடுத்த பதிவுகளையே நீக்கிவிட்டுத்தான் புத்தகம் விற்கவேண்டும். வலைப்பூவும் விற்பனையும் நேருக்கு நேர் மோதிக்கொள்கிற இடம் இது. நூறு ரூபாய் நூலுக்குக் கூடுதலாகக் கிடைக்கிற முப்பத்தைந்து ரூபாய்க்கும் கிண்டில் அன்லிமிடெட் சந்தாதாரர்கள் படிக்கிற பக்கத்துக்கு வரும் காசுக்கும் ஆசைப்பட்டு, தேடலில் வந்துகொண்டிருந்த பழைய தொடரைத் தூக்குவது லாபமா என்று ஒவ்வொருவரும் தனியாகப் பார்க்கவேண்டும். என் கருத்தைக் கேட்டால், வாசகர் வருகிற தொடரைத் தொடாதீர்கள், புத்தகத்துக்கென்று புதிதாக எழுதுங்கள்.

அடுத்தது, எது எவ்வளவு நாள் தாங்கும். செய்திப் பதிவுக்கு ஆயுசு இரண்டு நாள். "எப்படிச் செய்வது" வகைப் பதிவு வருடக்கணக்கில் ஆள் கொண்டுவரும் என்பதுதான் இத்தனை நாள் நம்பிக்கை. அந்த நம்பிக்கையில் இப்போது ஓட்டை விழுந்திருக்கிறது. 2023 செப்டம்பரில் கூகுள் தேடலில் செய்த மாற்றத்தில் சின்னத் தளங்கள் பல அடிவாங்கின. 2024 ஆகஸ்டில் இந்தியாவுக்கும் ஏஐ ஓவர்வியூ வந்தது, கேள்விக்கான பதில் தேடல் பக்கத்திலேயே மேலே நிற்கிறது, கீழே இறங்கி உங்கள் தளத்தை அழுத்த ஒருவருக்குத் தனிக் காரணம் வேண்டும். விளம்பரத்தை மட்டும் நம்புகிறவருக்கு இது நேரடியாக வயிற்றில் அடி. டெம்ப்ளேட் விற்கிறவருக்கும் அடிதான், ஆனால் பழைய வாடிக்கையாளரின் மின்னஞ்சல் முகவரி அவரிடம் இருக்கிறது.

சரக்குப் பக்கம் மட்டும் சுகம் என்று நினைக்கவேண்டாம். ராத்திரி பதினொரு மணிக்கு வாட்ஸ்அப்பில் "ஜிபே பண்ணிட்டேன் சார், ஃபைல் வரல" என்று ஸ்கிரீன்ஷாட்டோடு ஒரு செய்தி நிற்கும். ஃபைல் அவருடைய ஸ்பேம் ஃபோல்டரில் இருக்கும், அதை அவரிடம் பொறுமையாகச் சொல்லி எடுக்க வைப்பதும் உங்கள் வேலைதான். பாடத்திட்டம் மாறினால் பிடிஎஃபை மாற்றவேண்டும், எக்ஸெல் பழைய பதிப்பில் திறக்கவில்லை என்பார்கள், ரீஃபண்ட் கேட்பார்கள். விற்று ஒரு வாரத்தில் டெலிகிராம் குரூப்பில் உங்கள் பிடிஎஃப் இலவசமாகச் சுற்றும், அதைக் கண்டு மனம் உடைந்து போகிறவர்கள் உண்டு. தடுக்க முடியாது, ஒரேயடியாகச் சொல்லிவிடுகிறேன். பிடிஎஃபோடு மட்டும் நிற்காமல் வாராந்திரச் சந்தேகம் கேட்கும் நேரம், புதுப்பிப்பு என்று சேர்த்துக் கொடுப்பவர்களுக்கு வலி குறைவு, ஏனென்றால் அதைத் திருட வழியில்லை. பதிவு எழுதுகிறவருக்கு இந்தத் தொல்லை எதுவும் கிடையாது, பதிவு போட்டோமா, படுத்தோமா என்று இருக்கலாம்.

சரி, வலைப்பூவே வேண்டாம், சரக்கைச் செய்து யாராவது பெரிய சந்தையில் வைத்துவிட்டால் அவர்களே விற்றுக் கொடுப்பார்களே என்று ஒரு யோசனை வரும். யார் வேண்டுமானாலும் வீடியோ பாடம் வைத்து விற்கிற யூடெமி தளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் கூப்பன் வழியாக, நீங்களே கூட்டிவந்த மாணவர் வாங்கினால் விலையில் 97 சதவீதம் உங்களுக்கு. யூடெமியின் தேடலிலோ விளம்பரத்திலோ வந்து வாங்கினால் 37 சதவீதம். சந்தா கட்டிப் பார்க்கிறவர்கள் கணக்கு இன்னும் மோசம், ஆசிரியர்களுக்கு ஒதுக்கும் பங்கை 25 சதவீதத்திலிருந்து வருடாவருடம் குறைத்து 2026க்கு 15 என்று அறிவித்திருக்கிறார்கள். வலைப்பூவால் என்ன பிரயோஜனம் என்று கேட்கிறவருக்கு நான் காட்டுவது இந்த 97-க்கும் 37-க்கும் நடுவில் உள்ள இடைவெளியைத்தான். விளம்பரக் காசு சில்லறை. ஆளைக் கூட்டிவரும் வழி உங்கள் கையில் இருப்பதுதான் வலைப்பூ தருகிற கூலி, அது ஆட்சென்ஸ் கணக்கில் எங்கேயும் தெரியாது.

அதனால் அந்த ராத்திரி இரண்டு மணி நேரத்தை எப்படிப் பிரிப்பது? படிக்கிறவரும் வாங்குகிறவரும் ஒரே ஆள் என்றால், முதல் சில மாதம் எழுத்துக்கே கொடுங்கள், ஆனால் கண்டதை எழுதாமல் ஒரே துறையில். கீழே வரும் கமெண்ட்டிலும் மெயிலிலும் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வரும்: "இதை அப்படியே போட்டுப் பயன்படுத்துகிற மாதிரி ஷீட் இருக்கா?" அதைச் செய்யுங்கள், 99 ரூபாய்க்கோ 149க்கோ வையுங்கள், அன்றிலிருந்து வாரத்தில் ஒரு நாள் எழுத்து, மற்ற நாள் எல்லாம் சரக்குக்கு. பாடமாக முப்பது வீடியோ எடுத்து முடித்த பிறகுதான் வெளியிடுவேன் என்று உட்காராதீர்கள், யாரும் கேட்காத பாடத்துக்கு எடிட்டிங் செய்வது போலச் சலிப்பான வேலை கிடையாது.

இரண்டும் வேறு கூட்டம் என்றால், வலைப்பூவைப் பிடித்ததற்காக மட்டும் எழுதுங்கள், விற்பனைக்கு வேறு வழி தேடுங்கள். சிறுகதை வாசகரிடம் போய் ரெஸ்யூமே டெம்ப்ளேட் விற்கப் பார்த்து, இருந்த வாசகரையும் விரட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று, இந்த விவாதத்தில் யாரும் சொல்லாமல் விடுவது. இதில் பிழைக்கிறவர்கள் என்று நமக்குத் தெரிந்த பலருக்கு மாத வாடகையைக் கட்டுவது வலைப்பூவும் இல்லை, டெம்ப்ளேட்டும் இல்லை. மொழிபெயர்ப்பு, வெப்சைட் செய்து கொடுப்பது, கம்பெனிகளுக்குக் கன்டென்ட் எழுதுவது, ஜூமில் ட்யூஷன், கணக்கு எழுதிக் கொடுப்பது என்று ஏதோ ஒரு கைவேலை கட்டுகிறது. மெக்கென்ஸிக்கு வந்த கன்சல்டிங் மாதிரி, அந்த வேலையைக் கொண்டுவருவது பெரும்பாலும் அவர்கள் எழுதிய பதிவு. ஆட்சென்ஸில் 100 டாலர் சேரக் காத்திருக்கிறவர், தளத்தின் மேலே "இந்த வேலையைச் செய்து தருகிறேன்" என்று ஒரு வரியும் போன் நம்பரும் போட்டுப் பார்க்கலாம், அதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம்.