அஞ்செட்டி வழிக்கு எந்த ஃப்ரேம்: குரோமோலியா, அலுமினியமா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் வாங்கியது குரோமோலி ஸ்டீல், அதாவது குரோமியமும் மாலிப்டினமும் கலந்த எஃகு. தராசு அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும். மனதில் வைத்திருக்கும் ஓட்டமும் ஒரு தினுசானது: மவுண்டன் பைக், பின்னால் கேரியர், 10 முதல் 15 கிலோ மூட்டை, தேன்கனிக்கோட்டையில் கிளம்பி அஞ்செட்டி, நாட்றாம்பாளையம் வழியாக ஒகேனக்கல், அங்கிருந்து பென்னாகரம் ஏறி தருமபுரி. ஞாயிற்றுக்கிழமை காலையில் கிருஷ்ணகிரி அணை வரை போய்வர இந்த யோசனையெல்லாம் வேண்டாம். கடையில் நிற்கும் அலுமினிய வண்டியே தாராளம்.

கார்பனை இங்கேயே முடித்துவிடலாம். எடை குறைவு, மறுக்கவில்லை. ஆனால் முன்சக்கரம் எற்றிவிடும் கருங்கல் ஜல்லி நேராக டவுன் டியூபின் (ஹேண்டில்பார் பக்கமிருந்து பெடல் பக்கம் சரியும் குழாய்) அடிவயிற்றில்தான் வந்து விழும். பெயிண்டில் ஒரு புள்ளி தெரியும். உள்ளே நார் அடுக்கு பிரிந்ததா இல்லையா என்பதை நாணயத்தால் தட்டி, சத்தம் மொத்தையாக மாறும் இடத்தைக் காதால் தேடவேண்டும். தவிர, கிருஷ்ணகிரி நகருக்கு ரயில் கிடையாது. வழியில் வண்டி படுத்தால் ராயக்கோட்டைக்குத் தக்காளி ஏற்றும் டெம்போதான் கதி. அவர்கள் டாப் டியூபில் (மேல் குழாய்) கயிற்றைச் சுற்றி முழங்காலை வைத்து இறுக்குவார்கள். கார்பன் குழாய் அந்தப் பக்கவாட்டு நெருக்கலுக்குச் செய்ததல்ல.

டைட்டானியம் துருப்பிடிக்காது, நெடுநாள் உழைக்கும். வெல்டிங் செய்யும்போது குழாயின் உள்ளேயும் ஆர்கான் வாயு நிரப்பியாகவேண்டும், இல்லாவிட்டால் தையல் காற்றை இழுத்து நொறுங்கும் பதத்துக்குப் போய்விடும். அதன் விலையும், நான் அதை நெடுந்தூரம் ஓட்டியதில்லை என்பதும் சேர்ந்து அதைத் தள்ளிவைக்கச் சொல்கின்றன.

மிச்சம் இரண்டு. எடையை வேகமாகக் கடந்துவிடுவோம். குரோமோலி ஹார்ட்டெயில் ஃப்ரேம் (பின்பக்கம் சஸ்பென்ஷன் இல்லாதது) சுமார் 2.3 முதல் 2.8 கிலோ, அலுமினியம் 1.6 முதல் 2 கிலோ. வித்தியாசம் முக்கால் கிலோ என்று வையுங்கள். ஆள் 75, வண்டி 14, மூட்டை 11, ஆக 100 கிலோவில் முக்கால் சதவீதம். தருமபுரிக்குப் பக்கத்து வத்தல்மலையை ஒரு மணி நேரத்தில் ஏறுகிறவருக்கு அரை நிமிடம் கூடும். சித்திரை வெயிலில் அஞ்செட்டிக் காட்டுக்குள் 4 லிட்டர் தண்ணீர் இல்லாமல் யாரும் இறங்குவதில்லை. முதல் பாட்டில் காலியானதும் கணக்கு நேராகிவிடும்.

சொகுசும் அப்படித்தான். ஸ்டீல் பஞ்சு மாதிரி ஓடும் என்பார்கள். 2.25 அங்குல டயரில் 35 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) காற்றை 26க்கு இறக்கினால் கிடைக்கும் சுகத்தை எந்தக் குழாயும் தந்துவிடாது.

கடைக்குப் போகுமுன் ஒரு எச்சரிக்கை. ஸ்டீல் என்று கேட்டால் இங்கே எடுத்துக் காட்டுவது பெரும்பாலும் ஹை டென்சைல் என்ற மலிவு ரக ஸ்டீல். ஃப்ரேமே 3 கிலோவுக்கு மேல் போகும், குரோமோலியின் வலுவும் இருக்காது. காந்தம் இரண்டிலும் ஒட்டும், அதனால் அந்தச் சோதனை உதவாது. 4130 என்ற குரோமோலி ரக எண்ணையோ, ரெனால்ட்ஸ் என்ற குழாய்க் கம்பெனியின் 520, 525, 725 போன்ற ஸ்டிக்கரையோ தேடுங்கள். ஸ்டிக்கரில் நம்பிக்கை இல்லையென்றால் சீட் போஸ்டை (சீட்டைத் தாங்கும் தண்டு) பாருங்கள். வெளிவிட்டம் 28.6 மி.மீ. உள்ள சீட் டியூபுக்குள் (அந்தத் தண்டு இறங்கும் குழாய்) 27.2 மி.மீ. போஸ்ட் நுழைந்தால் குழாய்ச் சுவர் மெல்லியது. 25.4 தான் நுழைகிறதென்றால் சுவர் 1.6 மி.மீ. தடிமன், ஹை டென்சைல் என்று சந்தேகப்படலாம். நல்ல குரோமோலிக் குழாய் முனைகளில் 0.9 மி.மீ., நடுவில் 0.6 மி.மீ. என்று இழைத்திருக்கும். நகத்தால் சுண்டிக்கொண்டே போனால் தடிமன் மாறும் இடத்தில் ஓசையும் மாறும்.

இனி, முடிவைத் தீர்மானித்த விஷயம்: உடைந்தால் என்ன செய்வது?

ஸ்டீல் என்றால் எந்தக் கிராமத்திலும் ஒட்டிக்கொள்ளலாம் என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். அதில் பாதிதான் உண்மை. அந்த 0.9 மி.மீ. சுவர்தான் வில்லன். கேட்டும் ஜன்னல் கிரில்லும் அடிக்கும் பட்டறையில் கையில் இருப்பது 3.15 மி.மீ. ராடு, மிஷின் நிற்பது 100 ஆம்பியருக்குப் பக்கத்தில். அதைக் குழாயில் வைத்த மாத்திரத்தில் பொத்தல் விழும். விரிசலோடு போன வண்டி ஓட்டையோடு திரும்பும். வேறு வழியே இல்லையென்றால் 2 மி.மீ. ராடு கேளுங்கள், 40 முதல் 50 ஆம்பியருக்கு இறக்கச் சொல்லுங்கள். தொடர்ந்து இழுக்கவிடாமல் 5 மி.மீ. 5 மி.மீ. ஆகப் பொட்டு வைத்து, ஒவ்வொன்றும் ஆறியபின் அடுத்தது.

முறையான வேலை டிக் வெல்டிங், அதாவது ஆர்கான் வாயு மூட்டத்தில் டங்ஸ்டன் முனையால் ஒட்டுவது. ஓசூரில் தொழிற்பேட்டைப் பக்கம் டிக் மிஷின் உள்ள பட்டறைகள் உண்டு. போகுமுன் ஃபோர்க்கையும் சக்கரத்தையும் கழற்றி, விரிசலின் இரு பக்கமும் 4 செ.மீ. அளவுக்குப் பெயிண்டைச் சுரண்டி, தின்னரால் துடைத்துக் கொண்டுபோங்கள். கண்ணுக்குத் தெரியும் முனையைத் தாண்டி 2 மி.மீ. தள்ளி, இரண்டு முனையிலும் 3 மி.மீ. துளை போட்டால்தான் விரிசல் அங்கே நிற்கும். துளையை விட்டுவிட்டு மேலே ஒட்டினால் தையலுக்குப் பக்கத்திலேயே மறுபடி ஓடும். மின்னோட்டம் 35 முதல் 45 ஆம்பியர். முடிந்ததும் பழக்க தோஷத்தில் ஈரத்துணி போடவோ தண்ணீர் ஊற்றவோ விடாதீர்கள். குரோமோலி சடக்கென்று குளிர்ந்தால் அந்த இடம் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். காற்று வீசாத இடத்தில் தானாக ஆறட்டும்.

இன்னொரு ஆள் பலருக்கும் தோன்றுவதில்லை: ஃப்ரிட்ஜ், ஏசி மெக்கானிக். அவரிடம் டார்ச் இருக்கும், சூட்டைக் கட்டுக்குள் வைக்கும் கையும் இருக்கும். ஆனால் அவர் செம்புக் குழாய்க்குப் பயன்படுத்தும் ராடில் பாஸ்பரஸ் கலந்திருக்கும். அது இரும்போடு சேர்ந்தால் தையல் மொறுமொறுப்பாகி, முதல் பள்ளத்திலேயே விட்டுவிடும். பாஸ்பரஸ் இல்லாத வெள்ளி ராடோ, ஃப்ளக்ஸ் (ஒட்டும் இடத்தைச் சுத்தமாக வைக்கும் பொடி) பூசிய பித்தளை ராடோ நீங்களே வாங்கிக்கொண்டு போய்க் கொடுங்கள்.

சரி, அலுமினியத்தையும்தான் டிக்கில் ஒட்டுகிறார்களே? ஒட்டலாம். சிக்கல் ஒட்டியபின் வருகிறது. 6061 என்ற அலுமினியக் கலவை ஃப்ரேம் தன் வலுவைச் சூட்டுப் பதத்தில் பெற்றது: முழு ஃப்ரேமையும் சுமார் 530 டிகிரியில் வைத்து, சட்டென்று குளிர்வித்து, கோணல் நிமிர்த்தி, பிறகு 170 டிகிரிக்கு அக்கம்பக்கத்தில் பல மணி நேரம் வேகவைத்தது. வெல்டிங் சூடு பட்ட இடத்தில் அந்தப் பதம் கலைந்து, வலு கிட்டத்தட்டப் பாதியாகிவிடும். ஒற்றை ஃப்ரேமுக்காக உலை ஏற்றி, வளையாமல் எடுத்துத் தர ஆள் தேடுவதை விடப் புது ஃப்ரேம் மலிவு. அதாவது, ஒட்டிய அலுமினியத்தை வீட்டுக்கு வர நம்பலாம், அடுத்த பயணத்துக்குக் கூடாது.

விரிசல் வளரும் விதமும் வேறு. ஸ்டீலுக்கு ஓர் எல்லை உண்டு. அதற்குக் கீழே எத்தனை லட்சம் முறை அதிர்ந்தாலும் களைக்காது. அலுமினியத்துக்கு அப்படி எல்லை இல்லை, ஒவ்வொரு அதிர்வும் கணக்கில் ஏறும். இதைக் கேட்டு அலுமினிய வண்டி ஐந்து வருடத்தில் முறியும் என்று பயப்படவேண்டாம். தயாரிப்பவர்கள் அதை உத்தேசித்துத்தான் குழாயைப் பருமனாக்குகிறார்கள். ஆனாலும் மூட்டையோடு ஓடும் ஸ்டீல் கீறினால் பெயிண்டில் முடி மாதிரிக் கோடு விழுந்து காவி கசியும், பெரும்பாலும் பார்த்துச் சுதாரிக்க நாள் கிடைக்கும். பார்க்கவேண்டிய இடங்கள்: ஹெட் டியூபும் (ஃபோர்க் நுழையும் முன் குழாய்) டவுன் டியூபும் சேரும் அடிப்பக்கம், பாட்டம் பிராக்கெட்டுக்கு (பெடல் அச்சு உள்ள இடம்) பின்னால் வலது செயின் ஸ்டே (அங்கிருந்து பின்சக்கர அச்சுக்குப் போகும் குழாய்), சீட் டியூப் பிளவின் அடிமுனை, கேரியர் போல்ட் மாட்டும் காது.

நாட்றாம்பாளையம் பக்கம் மாலை 4 மணிக்குக் கீறல் தெரிந்தால் பட்டறை தேட நேரமில்லை. அது காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயத்தை ஒட்டிய வழி, இருட்டினால் யானை நடமாட்டம். அதற்கு 15 செ.மீ. இரும்புப் பட்டை இரண்டும், ஹோஸ் கிளிப் நாலும் பையில் கிடக்கட்டும். குழாயின் இரு பக்கமும் பட்டையை வைத்து, பழைய டியூப் ரப்பர் சுற்றி, கிளிப்பை முறுக்கினால் செயின் ஸ்டேயும் சீட் ஸ்டேயும் (சீட் பக்கமிருந்து பின்சக்கர அச்சுக்கு இறங்கும் குழாய்) ஊர் சேரும்வரை நிற்கும். ஹெட் டியூப் கீறலுக்கு இந்த வித்தை பலிக்காது. தள்ளிக்கொண்டே நடங்கள்.

ஸ்டீலின் குறை துரு. கடற்காற்று இல்லாத தருமபுரியில் சென்னைக்காரர் படும் பாடு நமக்கு இல்லை. துரு உள்ளிருந்துதான் வரும், மழைநீர் சீட் போஸ்ட் வழியாக இறங்கிப் பாட்டம் பிராக்கெட்டில் தேங்கும். அங்கே வடிதுளை இருக்கிறதா, சேறு அடைக்காமல் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் கழற்றி, குழாய்களுக்குள் ஆளிவிதை எண்ணெயோ கார் அடிப்பாகத்துக்கு அடிக்கும் மெழுகுத் திரவமோ 60, 70 மி.லி. ஊற்றி, ஃப்ரேமைப் புரட்டிப் புரட்டி ஓடவிட்டு, ஒரு நாள் வடியவையுங்கள். சீட் போஸ்டுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கிரீஸ். அலுமினியப் போஸ்ட் ஸ்டீல் குழாயில் பிடித்துக்கொண்டால் அறுத்துத்தான் எடுக்கவேண்டும்.

மறுவிற்பனையில் அலுமினியமே கெட்டி. குரோமோலி என்றால் என்னவென்று தெரிந்த ஆள் வரும்வரை காத்திருக்கவேண்டும். கேரியர் இல்லாமல் 5 கிலோவுக்குள் சீட் பை மட்டும் கட்டி, 200, 300 கி.மீ. பிரெவே (நேர வரம்புக்குள் முடிக்கும் நெடுந்தூர ஓட்டம்) ஓடுகிறவருக்கும் அலுமினியமே போதும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: அலுமினியத்தில் பாட்டில் மாட்டும் மரை பெரும்பாலும் ரிவெட்டில் நிற்பது. எம்5 போல்டை அழுத்தி முறுக்கினால் மரையே சேர்ந்து சுழல ஆரம்பிக்கும், அப்புறம் உள்ளேயும் போகாது வெளியேயும் வராது.

டீரெய்லர் ஹேங்கர் (பின் கியர் மாற்றி தொங்கும் காது) விஷயத்திலும் இந்த வித்தியாசம் உண்டு. ஃப்ரேமோடு சேர்ந்த ஸ்டீல் ஹேங்கர் வளைந்தால், குவிக் ரிலீஸ் (நெம்பைத் திருப்பிக் கழற்றும்) பின்சக்கரத்தின் எம்10 அச்சை அதன் மரையில் ஏற்றி, சக்கரத்தையே நெம்புகோலாக்கி நிமிர்த்தலாம். சாதா சைக்கிளின் 3/8 அங்குல அச்சுக்கு மரை வேறு, திணிக்காதீர்கள். கழற்றி மாட்டும் அலுமினிய ஹேங்கரை ஒருமுறைதான் நிமிர்த்தலாம், இரண்டாம் முறை கையோடு வந்துவிடும். இப்போது பல குரோமோலி ஃப்ரேமிலும் அதுதான் வருகிறது. பொருந்துவதைப் பார்த்து ஒன்று கூடுதலாக வாங்கி, துணி சுற்றி சீட் போஸ்டுக்குள் செருகிவையுங்கள். அஞ்செட்டியில் அது கிடைக்காது.